குக்கருக்கு எடுத்த பாடம்

ஜெர்சி சிட்டி
ஜூன் 2, 2025

கதிரேசன் அவர்களுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். ரசியா வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். கோவையில் எம்.ஏ. படிக்கும்போது ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள், இப்போது பக்கத்து அறையில் இருக்கிறாள். ஆகஸ்ட் கடைசியில் இங்கே ஒரு கல்லூரியில் நான் பாடம் எடுக்கும் வகுப்பு தொடங்குகிறது. ஓவியாவுக்கு ஆஸ்டின் ஹாஸ்டலுக்கு போன் போட்டு, அம்மா ஏன் கிளம்பினேன் என்று எல்லாம் சொல்லிவிட்டேன். நீங்கள் வேறு மாதிரி சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டாம்.

உங்கள் நம்பரை பிளாக் பண்ணியிருக்கிறேன். ரசியாவைக் கூப்பிட்டுப் புலம்புவதையும் நிறுத்துங்கள். ஏதாவது சொல்ல வேண்டுமானால் காகிதத்தில் எழுதி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்கள். போனில் என்றால் உங்கள் குரல் ஜெயித்துவிடும். மூக்கால் ஒரு இழுப்பு இழுத்தால் நானே சிரித்துத் தொலைப்பேன். காகிதத்தில் உங்களுக்கு மூக்கு கிடையாது.

நான் ஏன் கிளம்பினேன் என்று புரியவில்லை என்றீர்களாம். பொங்கல் விழா பட்டிமன்றத்தில், சான் ஹோசே பள்ளிக்கூட அரங்கத்தில், ‘கலகல கதிர்’ என்ன பேசினார் என்று நினைவிருக்கிறதா? “என் வீட்டுக்காரம்மா புரொபசர் ஆகப்போறாங்களாம். யாரும் ஸ்டூடென்ட் கிடைக்கல. கிச்சன்ல குக்கரை வச்சுப் பாடம் எடுக்கறாங்க. விக்டோரியா மகாராணி காலத்துப் பொண்டாட்டிகளைப் பத்தி. குக்கர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு மூணு விசில் அடிச்சுது பாருங்க.” அரங்கமே கைதட்டியது. வழக்கம்போல கேமராக்காரர் முன்வரிசைக்கு ஓடி வந்து என் முகத்தைப் பெரிய திரையில் போட்டார். வழக்கம்போல நான் சிரித்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பை எப்போதும் தயாராக வைத்திருக்கப் பழகிவிட்டேன்.

அது யூட்யூபில் ஏறியது. அடுத்த வாரம் அங்கே பக்கத்துக் கல்லூரியில் என் முதல் வகுப்பு. பெயர்களைக் கூப்பிட்டு முடித்துப் பாடத்தைத் தொடங்கினேன். கடைசி வரிசையில் பிரணவ் என்றொரு பையன். அவன் போனிலிருந்து குக்கர் விசில் சத்தம் வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் சிரித்தார்கள், மற்றவர்களுக்கு என்னவென்று தெரியவில்லை. அந்த செமஸ்டர் முழுக்க நான் எப்போது வாயைத் திறந்தாலும் விசில் வரப்போகிறதோ என்று காத்துக்கொண்டுதான் பேசினேன். அப்படிப் பேசுகிறவளை யாரும் மறுபடி வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், கூப்பிடவில்லை.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். நான் குக்கர் முன்னால் நின்று ஒத்திகை பார்த்தது நீங்கள் ஆபீஸ் போன பிறகு மட்டும்தான். வீட்டில் வேறு யாருமில்லை. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

வான்மதி


சான் ஹோசே
ஜூன் 9

என் அன்புள்ள அம்மணிக்கு,

இந்தக் காலத்தில் ஸ்டாம்ப் எங்கே விற்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. போஸ்ட் ஆபீஸ் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டியம்மா, “லவ் லெட்டரா” என்று கேட்டார். ஆமாம், என் பொண்டாட்டிக்கு என்றேன். பாவம் பார்த்து வரிசையில் முன்னால் விட்டார். பார்த்தாயா, நீ இல்லாமலேயே உன் பேரைச் சொல்லிப் பிழைக்கிறேன்.

மதி, ஜோக் ஒரு ஜோக்தான். நம் சங்கத்தில் எவன் பொண்டாட்டியைப் பற்றிப் பேசாமல் மைக்கைக் கீழே வைத்திருக்கிறான்? கிட்டுசாமி அண்ணன் அவர் வீட்டு ராமாத்தாள் அக்காவின் மைசூர்பாக்கை வைத்துப் பத்து வருடமாகப் பேசுகிறார். அக்கா அடுத்த வருடமும் மைசூர்பாக்கு செய்து கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். அதுதான் பெருந்தன்மை. உன்னைப் புண்படுத்த வேண்டும் என்று நான் நினைத்தால் என் நாக்கு அழுகட்டும்.

அந்தப் பையன் விசில் அடித்தது தப்புதான். அவன் அப்பாவை எனக்குத் தெரியும், கண்டித்து வைக்கிறேன். அதற்காக நாடு விட்டு நாடு போகிற மாதிரி கலிபோர்னியாவை விட்டு நியூஜெர்சி போவார்களா? பிரிட்ஜில் நீ வைத்துவிட்டுப் போன புளிக்குழம்பு தீர்ந்துவிட்டது. டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன்.

எப்படித் தெரிந்தது என்றா கேட்கிறாய்? ஓவியாதான் ஏதோ சொன்னாள் என்று ஞாபகம்.

உன் கதிர்


ஜெர்சி சிட்டி
ஜூன் 17

கதிரேசன் அவர்களுக்கு,

ஓவியாவைக் கேட்டேன். “அம்மா, ஐ வாஸ் இன் ஆஸ்டின். ஹவ் வுட் ஐ நோ?” என்றாள். அவள் ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் எனக்கு இன்டர்வியூவே வந்தது. பொய் சொல்வதானால் கொஞ்சம் மெனக்கெட்டுச் சொல்லுங்கள். ஆயிரம் பேரைச் சிரிக்க வைப்பவர் இப்படிச் சொதப்பலாமா?

ராமாத்தாள் அக்கா பெருந்தன்மை என்றீர்கள். போன தீபாவளிக்கு அக்கா என் தட்டில் மைசூர்பாக்கு வைத்தபோது, “சாப்ட்டுப் பாரு கண்ணு, பல்லு உடையுதான்னு சொல்லு” என்றார்கள். கண் கலங்கியிருந்தது. நீங்கள் ஆண்கள் மேசையில் இருந்தீர்கள்.

நான் அந்தக் குக்கருக்கு என்ன பாடம் எடுத்தேன் என்று உங்கள் கூட்டத்துக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். விக்டோரியா காலத்து நாவல்களில் நகைச்சுவை எல்லாம் கல்யாணம் வரைக்கும்தான். கன்னிப் பெண் வாய்த்துடுக்காகப் பேசலாம், மாப்பிள்ளைகளைக் கிண்டலடிக்கலாம். சர்ச் மணி அடித்ததும் கதை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவளுக்குச் சொந்தமாக வீடு இல்லை, சம்பாத்தியம் இல்லை, பிள்ளைகள் மேல்கூட உரிமை இல்லை. வேடிக்கையாகப் பேசும் உரிமையும் வீட்டுக்காரருக்குப் போய்விடும். பெண் எழுத்தாளர்கள் சிலர் ஆண் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் எழுதினார்கள். அவர்களால் கணவன்மாரைத் திட்ட முடியாது. அதனால் ஒரு வேலை செய்தார்கள். அசட்டுக் கணவனை நிறையப் பேசவிட்டார்கள். பக்கம் பக்கமாக அவனே பேசுவான், மனைவி பதில் சொல்ல மாட்டாள். படிக்கிறவர்களுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

வகுப்புக்காக நானே ஜோடித்த ஓர் உதாரணம் உண்டு. விருந்தில் கணவன் மனைவியின் சமையலைக் கேலி செய்கிறான், மேசையே சிரிக்கிறது. மனைவி ஒன்றும் பேசவில்லை. கொதிக்கிற சூப் கிண்ணத்தை அவன் முழங்கைக்குக் கொஞ்சம் கிட்டே நகர்த்தி வைக்கிறாள். அவ்வளவுதான்.

இன்னொரு செய்தி. இங்கே செப்டம்பரில் லேபர் டே விழாப் பட்டிமன்றத்துக்கு நீங்கள் வருவதாக போஸ்டர் போட்டிருக்கிறார்கள். ‘குடும்பத்தில் சிரிப்பைத் தருவது கணவனா, மனைவியா?’ மனைவி அணியில் கடைசிப் பேச்சாளர் நான். ரசியா மகளிர் குழுவில் பேசி ஏற்பாடு செய்தாள். உங்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்வதாக இருக்கிறேன். எது என்று இப்போது சொல்ல மாட்டேன்.

வான்மதி


சான் ஹோசே
ஜூன் 24

அன்புள்ள மதிக்கு,

போஸ்டரில் உன் போட்டோவைப் பார்த்தேன். நீலப் புடவை நன்றாக இருக்கிறது. முதலில் யாரோ சினிமாக்காரம்மா என்றுதான் நினைத்தேன்.

நீ மேடையில் பேசுவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மேடை வேறு, வகுப்பு வேறு. ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒரு வார்த்தை தவறிப்போனால் திரும்ப அள்ள முடியாது. அனுபவத்தில் சொல்கிறேன். நீ எந்த விஷயத்தைச் சொல்லப்போகிறாய் என்று ரெண்டு நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறேன். தூக்கமில்லை, டீம் மீட்டிங்கில் மேனேஜர் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

அந்த ஜோக்குகள் விஷயமாக இருந்தால் தயவுசெய்து வேண்டாம். ஆமாம், முதல் நாலைந்து வருடம் நான் மேடையில் சொன்னதெல்லாம் நீ சாப்பாட்டு மேசையில் சொன்னவைதான். காஸ்ட்கோவில் மாமியார் டிராலி தள்ளுகிற கதை உன்னுடையது. என் அம்மா வீடியோ காலில் எல்லோருக்கும் நெற்றியை மட்டும் காட்டுகிற கதை உன்னுடையது. என் பெயரே அந்த ரெண்டு கதையில்தான் நின்றது. நீ சொன்னபோது அதில் அசடு நான். மேடையில் அப்படிச் சொன்னால் எடுபடுமா? அதனால் அசடை மட்டும் உன் பக்கம் மாற்றிவிட்டேன். அது ஒரு டெக்னிக், திருட்டு ஆகாது. புருஷன் பொண்டாட்டிக்குள் உன்னுது என்னுது என்று என்ன இருக்கிறது?

இதைப் போய் மேடையில் சொன்னால் இருபது வருடப் பெயர் போய்விடும். யோசித்துச் செய்.

கதிர்


ஜெர்சி சிட்டி
ஜூலை 2

கதிரேசன் அவர்களுக்கு,

நான் சொல்லப்போவது அது இல்லை. ஆனாலும் அதை உங்கள் கையெழுத்திலேயே எழுதித் தந்ததற்கு நன்றி.

இத்தனை வருடமும் நான் என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? எனக்கு ஏதோ ஞாபகக் கோளாறு என்று. நீங்கள் மேடையில் சொல்லும்போது இது நாம் சொன்னது போல இருக்கிறதே என்று தோன்றும். பக்கத்தில் இருப்பவர்கள், “உங்களுக்கென்ன, வீட்டிலயே தினமும் காமெடி ஷோ” என்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, என் நினைப்புத்தான் தப்பு என்று விட்டுவிடுவேன்.

உன்னுது என்னுது என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் ஆயிரத்து எண்ணூற்று எழுபது வரை சட்டமே அதுதான். மனைவி சம்பாதித்தால் அது கணவனுடையது. அவள் நாவல் எழுதி வந்த பணமும் அவனுடையதுதான். அவர்களாவது சட்டம் போட்டு எடுத்துக்கொண்டார்கள், நீங்கள் கைதட்டல் வாங்கி எடுத்துக்கொண்டீர்கள். எடுத்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. என் வாயிலிருந்து எடுத்ததை வைத்து என்னையே அடித்தீர்கள்.

கோபத்தில் பேனாவை அழுத்தி அழுத்தித் தாள் அங்கங்கே கிழிந்திருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ரசியா மூன்று தடவை டீ கொண்டுவந்துவிட்டாள். உங்கள் கடிதத்தைப் படிக்கச் சொன்னேன், படித்துவிட்டு அந்த டீயை அவளே குடித்தாள்.

இன்னும் யோசித்துப் பாருங்கள். விழாவுக்கு நாள் இருக்கிறது. நான் கேட்ட கேள்விக்கும் பதில் வரவில்லை.

வான்மதி


சான் ஹோசே
ஜூலை 12

மதி,

என்ன விளையாட்டு இது? பூனை எலியை வைத்துக்கொண்டு விளையாடுகிற மாதிரி. நான் என்ன கொலையா செய்துவிட்டேன்? குடிக்கிறேனா, அடிக்கிறேனா? உன் படிப்புக்கு என்றைக்காவது தடை சொன்னேனா? கிரீன் கார்டு வரட்டும் என்றேன், வந்தது. ஓவியா பெரியவள் ஆகட்டும் என்றேன், ஆனாள். பிறகு போகத்தானே விட்டேன்?

சரி, தெரிந்துவிட்டது எனக்கு. நீ அந்த லே-ஆஃப் விஷயத்தைத்தான் வைத்திருக்கிறாய். ஆரம்பத்திலிருந்தே உனக்குத் தெரியும், இல்லையா? எனக்குச் சந்தேகம் இருந்தது. போன வருடம் ஆகஸ்டில் என்னை வேலையை விட்டு எடுத்தபிறகு, திடீரென்று மதியச் சாப்பாட்டு டப்பாவில் கூடுதலாக ஒரு கரண்டி தயிர்சாதமும் மாவடுவும் வைக்க ஆரம்பித்தாய். இவளுக்குத் தெரிந்துவிட்டது, என் கௌரவத்துக்காகத் தெரியாத மாதிரி நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்காக உன்னை மனதுக்குள் கும்பிட்டிருக்கிறேன். இப்போது அதையே கத்தியாக எடுக்கிறாய்.

சொல்லிக்கொள். காலையில் லேப்டாப் பையோடு கிளம்பி சான்டா கிளாரா லைப்ரரிக்குப் போனேன். அங்கே பார்த்தால் நம் சங்கத்து ஆட்களே ரெண்டு பேர் அதே மாதிரி பையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத மாதிரி புத்தக அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டோம். மறுநாளிலிருந்து காரை அடுத்த தெருவில் விட்டுவிட்டு, நம் கராஜின் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்து, பழைய அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதம். வேறு வேலை கிடைக்கும் வரை.

கிச்சன் சுவருக்கு அந்தப் பக்கம் நீ பேசுவது எல்லாம் கேட்கும். இப்போது புரிகிறதா எப்படித் தெரியும் என்று? நீ என்ன அழகாகப் பேசினாய் தெரியுமா. சத்தம் வெளியே வரக்கூடாதென்று துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். அந்த நாட்களில் என்னைச் சாகாமல் வைத்திருந்ததே உன் பாடம்தான். நீ அதை நம்ப மாட்டாய்.

கதிர்


ஜெர்சி சிட்டி
ஜூலை 21

கதிரேசன் அவர்களுக்கு,

எனக்குத் தெரியாது.

ஓவியா ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள், அளவு குறைத்துச் சமைக்கக் கை பழகவில்லை. மிஞ்சியதைத்தான் உங்கள் டப்பாவில் வைத்தேன். அது கருணை என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் இஷ்டம்.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. முதலில் அழுதேன். நீங்கள் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்ததை நினைத்துத்தான் அழுதேன், ஒளிப்பானேன். கதவைத் தட்டி உள்ளே வந்து, “வேலை போயிருச்சு மதி” என்று சொல்லியிருந்தால் குக்கரைத் தள்ளி வைத்துவிட்டு உங்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்திருப்பேன். என் முதல் மாணவர் நீங்களாக இருந்திருக்கலாம். சேர்ந்து சிரித்திருக்கலாம்.

பிறகு கோபம் வந்தது, அது இன்னும் போகவில்லை. நான் பாடம் எடுத்தது நன்றாக இருந்ததா என்று அந்த மூன்று மாதமும் யாரிடமாவது கேட்க மாட்டோமா என்று தவித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று ஒரு ஆள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதை என்னிடம் சொல்லவில்லை. புது வேலை கிடைத்து, கோட்டு போட்டுக்கொண்டு மேடை ஏறி, அந்தப் பாடத்தை ஆயிரம் பேரிடம் குக்கர் ஜோக்காகச் சொன்னீர்கள். மேடையில் சொல்ல உங்களிடம் வேறு புதுச் சரக்கு இல்லை, அதுதானே? ஒளிந்திருந்தது நீங்கள், கேலிக்கு ஆளானது நான்.

ஒரு மனுஷன் மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வரும் என்று இதுவரை தெரியாது.

நான் சொல்லப்போவது இதுவும் இல்லை. நான் இதை அறியவே இல்லையே.

வான்மதி


சான் ஹோசே
ஆகஸ்ட் 5

அன்புள்ள மதிக்கு,

எழுதிவிட்டு அனுப்பாமல் கிழித்துப் போட்டவை நிறைய.

நான் விழாவுக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று கமிட்டிக்கு எழுதிவிடுகிறேன். நீ என்ன வேண்டுமானாலும் சொல். இல்லாத ஆளைப் பற்றிச் சொன்னால் அவ்வளவு சூடு இருக்காது. கொஞ்ச நாளில் ஜனங்கள் மறந்துவிடுவார்கள்.

இல்லை, ஒரு வேண்டுகோள். கராஜ் விஷயத்தை மட்டும் வேண்டாம். ஆபீஸில் என் டீமில் பாதிப் பேர் நம் ஆட்கள். அவர்கள் மனைவிமார் எல்லாம் பார்ப்பார்கள். இதைச் சொன்னால் நான் மறுபடி அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்? நான் உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள். யூட்யூப் வீடியோவை எடுக்கச் சொல்லி சங்கத்தில் கேட்டுவிட்டேன், எடுத்துவிட்டார்கள். பார்த்துக்கொள்.

கதிர்


ஜெர்சி சிட்டி
ஆகஸ்ட் 14

கதிரேசன் அவர்களுக்கு,

வீடியோவை எடுத்தது சரி. ஏழு மாதம் லேட்.

நீங்கள் வர வேண்டும். உங்கள் நாற்காலி காலியாக இருந்தால், பேச்சுக்குப் பதிலாக உங்கள் கடிதங்களை முதலிலிருந்து வாசிப்பேன். உங்கள் கையெழுத்து எனக்குத் தடையில்லாமல் வாசிக்க வரும். ஸ்டாம்ப் வாங்கப் போன கதையிலிருந்து ஆரம்பிப்பேன், ஜனங்கள் ரசிப்பார்கள்.

வந்தால் என்ன செய்வேன் என்று கேட்காதீர்கள். வந்து, கோட்டுப் போட்டுக்கொண்டு, மேடையில் நடுவருக்கு இடப்பக்கம் உங்கள் அணியோடு உட்காருங்கள். எனக்கு முன்னால் நீங்கள்தான் பேச வேண்டும். கேமரா உங்கள் பக்கம் திரும்பும்போது சிரிக்க வேண்டும். அது கஷ்டமான வேலை இல்லை. முகத்தை ஆடாமல் வைத்துக்கொண்டு, கன்னத்தை மட்டும் லேசாக மேலே தூக்கினால் போதும். நான் பல வருடம் செய்திருக்கிறேன்.

வான்மதி


சான் ஹோசே
செப்டம்பர் 4

மதி,

வந்து சேர்ந்துவிட்டேன். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ நீலப் புடவையில் மேடைக்கு வந்து எதிர் மேசையில் உட்கார்ந்தாய். மடியில் ஒரு காகிதக் கட்டு. நம் வீட்டுப் பழைய குக்கரின் கேஸ்கட்டை ரெண்டாக மடித்து அதைச் சுற்றிப் போட்டிருந்தாய். அந்த ரப்பர் வளையத்தைப் பார்த்ததும் உள்ளே இருப்பது என் கடிதங்கள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். என் முறை வந்தது. என்னிடம் இருந்ததெல்லாம் பொண்டாட்டி ஜோக்தான், ஒன்றையும் வாயில் எடுக்க முடியவில்லை. ஃப்ரீவே டிராஃபிக்கைப் பற்றி ஏதோ உளறினேன். ஒரு குழந்தை மட்டும் சிரித்தது, அதுவும் வேறு எதற்கோ. நடுவர் மணி அடிக்கும் முன்பே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நீ எழுந்து போய்க் கட்டை மைக் முன்னால் வைத்தாய். பிறகு பேச ஆரம்பித்தாய். அது அந்தப் பாடம். வார்த்தைக்கு வார்த்தை எனக்குத் தெரியும், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டதாயிற்றே. மனைவிகளின் சிரிப்பு எங்கே போயிற்று என்று கேட்டாய். மகாராணி காலத்து வீடுகளில் தேடினாய், பிறகு நம் வீடுகளுக்கு வந்தாய். சூப் கிண்ணத்தை நகர்த்திய இடத்தில் அரங்கமே குலுங்கியது. பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கைதட்டல் வாங்கியதில்லை. ஒவ்வொரு சிரிப்புக்கும் கேமரா என் பக்கம் திரும்பியது. இதோ சொல்லப்போகிறாள், இப்போது கட்டைப் பிரிக்கப்போகிறாள் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் காத்துக்கொண்டு, கன்னத்தைத் தூக்கி வைத்தபடியே இருந்தேன். கன்னம் வலித்தது மதி. இது வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

நீ என் பெயரையே சொல்லவில்லை. கடைசி வரைக்கும். நான் என்று ஒருவன் இருப்பதாகவே சொல்லவில்லை.

திரும்பும்போது என் மேசைக்கு வந்து, அந்தக் கட்டை என் முழங்கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டுப் போனாய். ஜனங்கள் அது ஏன் என்று புரியாமலே சிரித்தார்கள். ஹோட்டல் அறைக்குப் போய் கேஸ்கட்டைக் கழற்றினேன். வெற்றுத்தாள். அத்தனையும் வெற்றுத்தாள்.

ஒரே ஒரு விஷயம் சொல்வேன் என்றாயே, அது என்ன? என்னை மன்னித்துவிட்டாயா?

கதிர்


ஜெர்சி சிட்டி
செப்டம்பர் 12

கதிரேசன் அவர்களுக்கு,

நீங்கள் எழுதிய இந்தக் கடிதத்தில் ஜோக் எதுவும் இல்லை. முதல் தடவையாக உங்கள் குரல் என் காதில் விழுந்தது.

அந்த ஒரே விஷயம் என்று எதுவும் கிடையாது. ஜூன் மாதம் எழுதும்போது என் கையில் ஒன்றுமே இல்லை. உங்களைப் பேசவிட்டால் போதும் என்று தெரியும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நீங்களாகக் கொடுத்தவை.

மன்னித்துவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கன்னம் வலித்தது என்று எழுதியிருந்த வரியைப் படித்தபோது மனது ஒரு நிமிடம் இளகியது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்களுக்கு ஒரே ஒரு சாயங்காலம்தான் வலித்திருக்கிறது.

என் வகுப்பு தொடங்கிவிட்டது. நன்றாகப் போகிறது. முதல் நாள் வாயைத் திறக்கும் முன் பழக்கத்தில் ஒரு நொடி நின்றேன். விசில் வரவில்லை. ஒரு பெண் கையைத் தூக்கி, அந்தக் கணவனுக்கு சூப் கொட்டியதா என்று கேட்டாள். அது அவன் கையை ஆட்டிப் பேசுவதைப் பொறுத்தது என்றேன். வகுப்பு சிரித்தது. என் ஜோக்குக்கு, என் முன்னால், நான் நின்றுகொண்டிருக்கும்போதே சிரித்தார்கள். இந்த வருடம் முழுக்க இங்கேதான் இருப்பேன். அதற்குப் பிறகு பார்க்கலாம்.

அடுத்த பொங்கலுக்கு உங்களை மறுபடி பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ராமாத்தாள் அக்கா போனில் சொன்னார்கள். ஒத்துக்கொள்ளுங்கள். அதற்கு மட்டும் அங்கே வருகிறேன், அக்காவும் நானும் முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவதாகப் பேசி வைத்திருக்கிறோம். உங்கள் கடிதங்கள் ஒன்றுவிடாமல் என்னிடம்தான் இருக்கின்றன. புது கேஸ்கட் வாங்கி அவற்றுக்குப் போட்டிருக்கிறேன். அந்தக் கட்டு என் மடியில் இருக்கும். கேமரா என் பக்கம் திரும்பினால் இந்தத் தடவை நான் சிரிக்க மாட்டேன், சிரிப்பு வந்தால் தவிர.

நீங்கள் பேசுங்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வான்மதி